தறியும் தளியும்

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரென்பார் சிலர். பட்டு நகரென்பார் சிலர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஒரு தெருவின் அகலமே உள்ளது என்பதை அங்கே கால்நடையாய் ஒரு நாள் சுற்றியவர் அறிவர். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும் ஊராதலின், பெரும்பாலோர் காலையில் வண்டியேறி வந்து, மூன்று கோயில்களைக் கண்டு, ஒரு கடையில் சேலை எடுத்து, மாலையில் திரும்பி விடுகின்றனர். அவ்வாறு வந்து செல்வோருக்கு நெசவுத் தெருக்களும் தெரிவதில்லை. ஊரைச் சூழ்ந்துள்ள ஏரிகளும் குன்றுகளும் சிற்றூர்களும் தெரிவதில்லை. நாங்கள் பொங்கல் கழிந்த வாரத்தில் இரண்டு முழு நாட்களை இதற்கென்றே ஒதுக்கிச் சென்றோம்.

காரணம் ஒரு திருமணம். என் துணைவியின் தங்கை மகளுக்குத் தவக்காலமும் பாஸ்கா விழாவும் கழிந்து, மே மாதத்தில் மணவிழா நிச்சயமாகி இருந்தது. பீடத்தின் முன் நிற்கையில் உடுத்தத் தந்த நிறத்தில் ஒரு பட்டும், மாலை வரவேற்புக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டும் வேண்டும் என்பது வீட்டார் முடிவு. கல்லூரியில் பயின்ற அப்பெண்ணோ, “எடுக்கிற சேலையைத் தறியில் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுக்கலாமே, பெரியப்பா” என்றாள். நம் வீடுகளில் திருமணப் பட்டுக்கு எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! அதை நெய்த கையை ஒரு முறையேனும் கண்டதுண்டா என்று எண்ணிப் பார்த்தால், அவள் விருப்பம் நியாயமாகவே தோன்றியது.

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் காஞ்சி இடையில் உள்ளது. வாலாஜாபாத்தைக் கடந்ததும் இருபுறமும் வயல்களும் ஏரிக்கரைகளும் தொடர்கின்றன. தொண்டை நாட்டை ஏரி மாவட்டம் என்று முன்னோர் சொன்னது வெறும் புகழ்ச்சியன்று. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் நாட்டில், பெய்த மழையை நிறுத்தி வைத்துப் பயிர் செய்த மக்களின் அறிவு அது.

முதலில் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். நகரின் மேற்கு ஓரத்தில், ஆரவாரமின்றி, புல்வெளி நடுவே நிற்கிறது. வானளாவும் கோபுரம் எதுவும் இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பிய மணற்கல் தளி இது. தளி என்பது கோயிலைக் குறிக்கும் பழஞ்சொல். சோழர் கல்வெட்டுகள் இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்றே வழங்குகின்றன. சுற்றுமதிலின் உட்புறத்தில் 58 சிறு சன்னதிகள் வரிசையாய் அமைந்துள்ளன. சிலவற்றில் பழைய சுதைப்பூச்சின் மேல் வண்ண ஓவியத்தின் எச்சங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் வளைவு, சிவப்பும் மஞ்சளுமான ஆடையின் ஒரு மடிப்பு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஆடையிலும் கரை தீட்டியிருக்கிறான் ஓவியன் என்று என் துணைவி சுட்டிக் காட்டினாள்.

இங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவரை வென்று காஞ்சிக்குள் நுழைந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே திருப்பி அளித்ததை அது கூறுகிறது. நூறாண்டுக்கு முன் பல்லவர் படை சாளுக்கியரின் வாதாபியை அழித்திருந்தது; பழிவாங்க வந்தவன் சிற்பத்தின் முன் வாளை உறையிலிட்டான் என்று கொள்ளலாம். அவன் தேவியருள் ஒருத்தி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் இக்காஞ்சித் தளியின் சாயல் உண்டு என்பர் அறிஞர். போரில் தோற்ற ஊர் வென்றவனின் ஊருக்குக் கலையைக் கற்பித்த கதை இது. பள்ளிப் பாட நூல்களில் போரின் ஆண்டுகளை மனப்பாடம் செய்த நமக்கு இதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவர்கள் நெடுக ஒரு வரலாறே கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. வழிமுறை அற்றுப்போன பல்லவ அரியணைக்கு, கிளை மரபிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்து அழைத்து வந்து முடிசூட்டியதையும், அவன் நந்திவர்ம பல்லவமல்லனாய் ஆண்டதையும் படம் படமாய்க் காணலாம். ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் கிருட்டிணதேவராயர் 1509-ல் எழுப்பியது. ஏறத்தாழ 59 மீட்டர் உயரம். சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும், அதன் மூலையில் தொங்கும் கற்சங்கிலியும் கல்தச்சரின் கைத்திறனுக்குச் சான்று. இக்கோயில் குளத்துக்குள் வைத்திருக்கும் அத்திமரத் திருமேனியை நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளச் செய்வது இவ்வூர் வழக்கம். 2019 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவ்விழா நடந்தது. அதற்கு முன் 1979-ல், இனி 2059-ல். பிற சமயத்தவரான எமக்கும் அந்த எண்கள் ஏதோ செய்தன. 1979-ல் காஞ்சித் தெருக்களில் எழுந்த தறியோசையில் 2019-ல் எஞ்சியிருந்தது எவ்வளவு, 2059-ல் எஞ்சியிருக்கப் போவது எவ்வளவு என்ற கேள்வி, மறுநாள் காலை பிள்ளையார்பாளையம் செல்லும்வரை மனத்தில் நின்றது.

பிள்ளையார்பாளையம் நெசவாளர் நெருங்கி வாழும் பகுதி. கூட்டுறவுச் சங்கத்து ஊழியர் ஒருவர் முந்திய மாலையே வழி சொல்லியிருந்தார்: “வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிடுங்க. அப்பத்தான் பாவு நீட்டுவாங்க.” அவ்வாறே விடியற்காலையில் சென்றோம். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, இடுப்பளவு உயரத்தில், தாங்குகோல்களின் மேல் ஒரு பாவு நீண்டு கிடந்தது. ஆயிரக்கணக்கான பட்டிழைகள். இளங்காலை ஒளி அவற்றின் மேல் பட்டபோது, தெரு நடுவே மஞ்சள் நிற வாய்க்கால் ஒன்று ஓடுவது போல இருந்தது. இருபுறமும் ஆடவரும் பெண்டிருமாய் ஐந்தாறு பேர் நின்று, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டும், சிக்கலைப் பிரித்துக்கொண்டும், கஞ்சி நீரைத் தெளித்துக்கொண்டும் நகர்ந்தனர். ஓர் இழை அறுந்ததை எங்ஙனம் கண்டுபிடிக்கின்றனர் என்பது எமக்கு விளங்கவேயில்லை. தொட்டுத்தான் அறிகின்றனர் போலும். பள்ளி செல்லும் சிறுவர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகச் சென்றனர், மணி அடிக்கவில்லை. அத்தெருவில் அது எழுதாத சட்டம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எம்மை அமரச் செய்தார் அறுபது வயது மதிக்கத்தக்க நெசவாளர் ஒருவர். பிறகு உள்ளே அழைத்துச் சென்றார். வீடென்பது பெரும்பாலும் தறிதான். முன்கூடத்தின் முக்கால் பகுதியைத் தறி அடைத்துக்கொள்ள, எஞ்சிய காலில் குடும்பம் வாழ்கிறது. குழித்தறி, தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி, விளிம்பில் அமர்ந்து, கால்களால் மிதிகட்டையை மிதித்து, கைகளால் நாடாவை எறிகிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுழன்று இறங்க, அத்துளைகளின்படி பாவிழைகள் உயர்ந்து தாழ்ந்து, கரையில் அன்னப்பட்சியும் மயிற்கண்ணும் உருவாகின்றன. ஜக்கார்டு வருவதற்கு முன் இவ்வேலையை இழை இழையாய்க் கையால் தூக்கிச் செய்தனர். அதற்கு அடை என்று பெயர். இப்போது அட்டைக்குரிய வரைபடத்தைக் கணிப்பொறியில் வரைகின்றனர். ஆயினும் நாடாவை எறியும் கை பழைய கைதான்.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும் சேலையில், கரைக்குரிய ஊடை உடலுக்குள் ஓடக் கூடாது. உடலுக்குரிய ஊடை கரைக்குள் புகக் கூடாது. எனவே இடக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக் கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள் வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும், இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழையைக் கோத்து வாங்க வேண்டும். ஒருவரால் இது ஆகாது. வலப்பக்க நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமர வேண்டும். இவ்வீட்டில் அந்த இன்னொருவர் நெசவாளரின் மனைவி. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாடா போய் வரும் தாளமே அவர்களுக்குப் பேச்சாக இருந்தது. கோர்வை விழுந்த சேலையில் உடலும் கரையும் கூடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் சிறு பற்கள் போலத் தட்டுப்படும். சேலை நைந்து கிழிந்தாலும் கரை தனியே பிரியாது என்பது நெசவாளர் பெருமை.

முந்தானைக்கும் வேறு நிறம் வேண்டுமாயின் வேலை இன்னும் கடினம். அங்கே பாவையே மாற்றியாக வேண்டும். உடலின் பாவிழை ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவிழை ஒவ்வொன்றையும் மாட்டி இணைத்து, இரண்டும் சேர்ந்திருக்கச் சிறிது தூரம் நெய்து, பின் பழைய இழைகளைக் கத்தரித்து விடுகின்றனர். இதற்குப் பெட்னி என்று பெயர். பெட்னி விழுந்த இடம் சற்றே தடித்து, ஒரு கோடு போலத் தெரியும். “மெஷின்ல இது வராதுங்களா?” என்று எங்கள் பெண் கேட்டாள். அவர் சிரித்தார். “மாதிரி வரும் பாப்பா. இது வராது.”

ஒரு செய்தியை எண்ணும்தோறும் வியப்பு. காஞ்சியில் பட்டு விளைவதில்லை. நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை, வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் செந்நிறப் பட்டு நூலின் மேல் சுற்றிப் பொன் முலாம் பூசுவது. அது நெடுங்காலம் குஜராத்தின் சூரத்திலிருந்தே வந்தது. 1971-ல் தமிழக அரசு ஜரிகை ஆலையைக் காஞ்சியிலேயே நிறுவியது. நெய்வோரின் முன்னோரிலும் பலர் விசயநகரப் பேரரசின் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பர். நூலும் வெளியூர், பொன்னும் வெளியூர், மக்களுள் ஒரு சாராரும் வெளியூர்! அப்படியிருந்தும் உலகம் இதைக் காஞ்சிப் பட்டு என்றே அறிகிறது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்குச் சொந்தமென்று இருந்தவை, கையும் கண்ணும், பக்கத்துத் தெருவில் நின்ற கோயில்களுமே. கோபுரக் கரை, உருத்திராட்சம், யாளி, அன்னம், தாழம்பூ, மாங்காய், வைரஊசி எனக் கரைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார் அவர். முந்திய நாள் கல்லில் கண்டவற்றில் பாதி அவர் கரையிலும் இருந்தன.

ஒரு சேலைக்கு, வேலைப்பாட்டுக்குத் தக்கபடி, இருவர் உழைப்பில் பத்து முதல் இருபது நாட்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் இன்னும் கூடும். குழியில் ஈரம் ஊறினால் பாவு தளர்ந்து தறி ஓடாது. கூலி எவ்வளவு என்று கேட்டோம். அவர் சொன்ன தொகையை இரண்டு பேருக்கும், அத்தனை நாட்களுக்குமாய் என் துணைவி மனத்துள் வகுத்துப் பார்த்தாள். பின் எதுவும் பேசவில்லை. தார் சுற்றும் நேரமும், பாவு பிணைக்கும் நேரமும் அந்தக் கணக்கில் தனியே சேர்வதில்லை. அவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

“பசங்க?” என்று கேட்டேன்.

“ஒரே பையன்தாங்க ஐயா. ஒரகடத்துல கம்பெனி வேலை. மாசம் பொறந்தா சம்பளம் வருது, பஸ்ஸு வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. தறியில உட்கார வைக்க நானே இஷ்டப்படலீங்க.” சற்று நிறுத்தி, “ஆனா அவனுக்கு நெய்யத் தெரியும்” என்று சேர்த்தார். அந்தக் கடைசிச் சொற்களில் ஒரு பெருமையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பெருகியபின் காஞ்சி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே செல்வது இயல்பாகிவிட்டது. கலை அழிகிறதே என்று நாம் வருந்துவது எளிது. ஆனால் அவ்வருத்தத்தில் ஒரு தன்னலமும் கலந்திருப்பதை மறைக்கக் கூடாது. நம் வீட்டுத் திருமணத்துக்குப் பட்டு வேண்டும் என்பதற்காகப் பிறர் வீட்டுப் பிள்ளை குழியில் கால் வைத்திருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை ஏது? மேலும், முன்பு வலப்பக்க நாடாவை எறிந்தவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளே. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளியை விட்டுத் தறியடியில் அமர்ந்தவர்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பின்னும் நெடுங்காலம் காஞ்சியின் பெயர் இவ்வகையில் வெளிநாட்டு அறிக்கைகளிலும் அடிபட்டது. இம்முதியவரும் எட்டு வயதில் அவ்வாறு அமர்ந்தவர்தாம். இன்று அவ்விடத்தில் அவர் மனைவி இருக்கிறார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றனர். தறிகள் குறைந்ததில் இந்த நன்மைக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தறியை ஒழிப்பது பள்ளிக்கூடமன்று. விசைத்தறியில் நெய்த சேலைகள், போலி ஜரிகையோடும் கலப்பு நூலோடும், காஞ்சிப் பட்டென்ற பெயரிலேயே விற்கின்றன. கைத்தறிக்கென்று சில வகை ஆடைகளை ஒதுக்கி 1985-லேயே நடுவண் அரசு சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் இருக்க, சேலை கடையில் இருக்கிறது. இன்னொரு புறம் வெள்ளியும் பொன்னும் விலை ஏறும்போதெல்லாம் சேலையின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் நெய்தவனுக்கு ஒன்றும் சேர்வதில்லை. வாங்குவோர் குறைய, அவன் தறி சும்மா கிடக்கிறது.

என் துணைவி வீட்டுக்கார அம்மையாரிடம், “உங்களுக்குப் பட்டுச் சேலை எத்தனை இருக்குது?” என்று கேட்டுவிட்டாள். “கல்யாணத்துக்கு எடுத்தது ஒண்ணு இருக்குங்கம்மா” என்றார் அவர், நாடாவை நிறுத்தாமலே. காஞ்சிவரம் என்னும் திரைப்படம் இதைத்தான் சொல்லிற்று: மகளுக்கு ஒரு பட்டுச் சேலை தருவதாகச் சொன்ன நெசவாளி, வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் அதைத் தர இயலாத அவலம். 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருதை அது பெற்றது. பிரியதர்சன் அதை விடுதலைக்கு முந்திய காலத்துக் கதையாக எடுத்தார். காலம் மாறியும் கணக்கு முழுதும் மாறவில்லை.

சேலை எடுக்கும் வேலை பிற்பகலில் நடந்தது. காந்தி சாலையிலுள்ள பெரிய கடைகளில் விளக்கும் குளிரும் உபசாரமும் மிகுதி. கூட்டுறவுச் சங்க விற்பனைக் கூடங்களில் அவை குறைவு. ஆனால் சேலையின் எடை, ஜரிகையின் தரம், நெய்த சங்கம் எல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். குடும்பத் தலைவியர்க்குப் பயன்படக் கூடுமாதலின் அங்கே கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். சேலையின் ஓரத்தில் ஓர் இழையை உருவி எரித்தால், பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிவது நல்ல குறி. சேலையைத் திருப்பிப் பார்த்து, கோர்வையின் பற்களைத் தடவிப் பாருங்கள். பட்டு முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்; ஆனால் அது நூல் பட்டு என்பதற்கே சான்று, கைத்தறி என்பதற்கு அன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் பெண் இரண்டு சேலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒன்றையே எடுத்தாள். தந்த நிற உடல், அரக்குக் கரை, கோர்வை, பெட்னி முந்தி. காலையிலும் மாலையிலும் அதையே உடுத்துவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் தாய் தொலைபேசியில் சிறிது நேரம் வாதாடினாள். கடையில் வழக்கமாய்ப் பேரம் பேசும் என் துணைவி அன்று விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அது புதுமையாக இருந்தது.

சுற்றுப்புறத்துக்கு வருவோம். காஞ்சியின் தென்மேற்கே, வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம் உள்ளது. சமணக் காஞ்சி என்பது இதுவே. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டினார். அதன் விதானம் முழுதும் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாய் நிறைந்துள்ளன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். பருத்தியின் பெயர் தாங்கிய ஊர், பட்டு நகரின் வாயிலில்!

அங்கிருந்து வந்தவாசிச் சாலையில் செவிலிமேட்டுப் பாலத்தின் வழியே பாலாற்றைக் கடந்தோம். 2021 நவம்பரில் இரு கரையும் புரள ஓடிய ஆறு இப்போது மணல்வெளியில் இரண்டு மூன்று கால்களாய் மெலிந்து ஓடியது. தூசியைத் தாண்டினால் மாமண்டூர். தொலைவிலேயே குன்று தெரிகிறது; மலையென்று சொல்லத் தகாது, பாறைகள் அடுக்கிய சிறு குன்று. அதன் கிழக்கு முகத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அம்மன்னன் நாடகம் எழுதியவன், இசையில் வல்லவன், ஓவியருள் புலி என்ற பொருளில் சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்டவன். குடைவரைச் சுவரிலுள்ள சிதைந்த கிரந்தக் கல்வெட்டு அவன் கலையார்வத்தைக் கூறுகிறது. உள்ளே வேலைப்பாடு மிகக் குறைவு. சதுரத் தூண்கள், வெறுமையான கருவறை, குளிர்ந்த இருள். முற்றுப்பெறாமல் விடப்பட்ட பகுதியில் உளியின் வடுக்கள் நேற்று விட்டுச் சென்றவை போல இருந்தன.

அக்குன்றிலேயே, பல்லவருக்கும் முற்பட்ட தமிழிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அருகருகே இரண்டு எழுத்துகள், இரண்டு காலங்கள். அரசனது கல்வெட்டைவிட எனக்கு இதுவே பெரிதாய்ப் பட்டது. ஏனெனில் குன்றைத் தந்த தலைவனோடு, வேலையைச் செய்த தச்சனையும் அது குறிப்பிடுகிறது. கைலாசநாதர் தளியில் இராசசிம்மனின் பட்டப்பெயர்கள் இருநூறுக்கும் மேல். உளி பிடித்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. காலையில் கண்ட தறியிலும், நெய்தவர் பெயரைச் சேலையில் எங்கும் காணோம்.

குன்றின் மேற்புறம் ஏறிச் சென்றபோது மூவரும் ஒன்றும் பேசவில்லை. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். தூசி மாமண்டூர் ஏரி. பழைய பெயர் சித்திரமேகத் தடாகம். ஓவியனான மன்னன் வெட்டிய ஏரிக்கு ஓவிய மேகம் என்று பெயர்! குன்றையே கரையாகக் கொண்டு, இடைவெளிகளை மண்ணால் அடைத்து அமைத்திருக்கின்றனர். ஆட்டு மந்தையோடு வந்த ஒரு பெண்மணி நிழலில் அமர்ந்து எங்களிடம் நீர் கேட்டுக் குடித்தார். “தண்ணி இருக்கிற வருஷம் இங்க பார்க்கணும், இல்லாத வருஷம் பார்க்கக் கூடாது” என்றார். மதகு வழியே இறங்கும் நீரில் நெல் பசுமையாய் நின்றது.

உத்திரமேரூர் காஞ்சிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தின் அடித்தளச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஊர்ச் சபைத் தேர்தலை விதித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாய்ப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்வர். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் உறவினரும் கூடாது! இந்த இடத்தில் எம்மோடு நின்று படித்த உள்ளூர்க்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏரியைக் காக்கவென்றே தனி வாரியம் இருந்தது என்பதை மாமண்டூரைக் கண்டு வந்த கண்ணோடு படித்தபோது அதன் பொருள் நன்கு விளங்கியது.

நேரம் இருப்போர் அங்கிருந்து வேடந்தாங்கலுக்கும் செல்லலாம். அது இப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. 1790-களில் அப்பகுதியின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேசு என்பவர் காலத்திலேயே ஊரார் முறையிட்டு, பறவைகளைச் சுடாதிருக்க உறுதி பெற்றனர். பறவைகளின் எச்சம் ஏரி நீரை உரமாக்குகிறது, அந்நீர் வயலுக்குப் பாய்கிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. நாங்கள் மாலை வெயிலில் கரையில் நின்றபோது நத்தைகுத்தி நாரைகள் மரங்களில் வெள்ளைத் துணி காயப்போட்டது போல் அமர்ந்திருந்தன.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அதன்பின் கோயில் முற்றத்துக் கற்கள் வெறுங்காலைச் சுடும். மாமண்டூரில் கடையும் இல்லை, உணவும் இல்லை. நீரும் கட்டுச்சோறும் கொண்டு செல்லுங்கள். குடலை இட்லி என்பது மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து வேகவைப்பது. வயிற்றுக்கு இதமானது, சிறுவர்க்கு மிளகு சற்று உறைக்கலாம். அண்ணாதுரை 1909-ல் பிறந்த நெசவாளர் குடும்பத்து வீடு இன்று நினைவு இல்லமாகக் காட்சிக்கு உள்ளது. நெசவு வீடுகளுக்குச் செல்வதாயின் முந்திய நாளே சங்கத்தில் சொல்லி, அவர்கள் காட்டும் வீட்டுக்கே செல்வது முறை; தறி ஓடும் நேரம் அவர்களுக்குக் கூலி நேரம் ஆதலின் அரை மணிக்கு மேல் தங்க வேண்டாம். பாவு நீட்டுவதைக் காண வேண்டுமானால் ஏழு மணிக்குள் தெருவில் இருக்க வேண்டும். மழை நாட்களில் அது நடவாது.